குரங்கின் பெயர் பெற்ற குருதிக் காரணி

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை அரண்போல் நிற்கின்றது. அதன் அடிவாரத்தில் திருவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் அண்மை ஊர்களாக அமைந்துள்ளன. முன்னது ஆண்டாள் திருக்கோயிலின் உயர்ந்த கோபுரத்தால் பெயர் பெற்றது. பின்னது நூற்பாலைகளால் பெயர் பெற்றது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் காயக்கட்டுத் துணி தொலைவிலுள்ள மருத்துவமனைகளுக்கும் செல்கின்றது. இராஜபாளையத்தின் பக்கத்தே சஞ்சீவி மலை என்றொரு குன்று உண்டு. இலக்குவன் உயிரைக் காக்கும்பொருட்டு அனுமன் சுமந்து சென்ற மருந்து மலையினின்றும் சிதறி விழுந்த துண்டே அக்குன்று என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வரும் கதை. உயிர் காக்கும் மருந்தையும் வானர இனத்தையும் இணைப்பது அக்கதை. மருத்துவ நூலிலும் அத்தகைய இணைப்பு ஒன்று உண்டு. அது நம் ஒவ்வொருவர் குருதியோடும் பெயரளவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

கருவுற்ற பெண் ஒருத்தி இவ்வூர்களிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்றால், அவள் குருதியைச் சிறிது எடுத்து வகை பார்ப்பார்கள். பின்னர் அவளது அட்டையில் ‘ஓ பாசிட்டிவ்’ என்றோ ‘பி நெகட்டிவ்’ என்றோ எழுதுவார்கள். இவற்றுள் முதலில் நிற்கும் எழுத்து, வியன்னா நகரில் வாழ்ந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்னும் அறிஞர் 1901 ஆம் ஆண்டில் வெளியிட்ட குருதி வகையைக் குறிக்கும். அதற்காக அவர் 1930 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அடுத்து நிற்கும் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்னும் சொற்கள், ஆர்.எச். காரணி என்னும் வேறொரு பொருள் அக்குருதியில் உண்டு, இல்லை என்பவற்றைக் குறிக்கும். ஆர்.எச். என்பது ‘ரீசஸ்’ என்னும் குரங்கின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் வரும் இரண்டு எழுத்துகளாகும்.

செண்பகத்தோப்புக்குச் செல்லும் வழியில் மக்கள் கையிலுள்ள தின்பண்டத்தைப் பறித்துக்கொண்டு ஓடும் நாட்டுக் குரங்கு அன்று இந்த ரீசஸ். மலையின் உட்காட்டில் வாழும் கருமந்தியும் அன்று. சோலை மந்தியும் அன்று. இஃது அந்நாட்டுக் குரங்கின் வடநாட்டு உறவினம். பெரும்பாலும் கோதாவரி ஆற்றுக்கு வடக்கே வாழ்வது. செம்முகக் குரங்கு எனப்படுவது. முன்னாளில் அமெரிக்க நாட்டு ஆய்வுகூடங்களுக்கு இக்குரங்குகளை மிகுதியாக அனுப்பி வந்த நாடு இந்தியாவே. 1978 ஆம் ஆண்டில் அவ்வேற்றுமதி நிறுத்தப்பட்டது.

இக்குரங்கின் பெயர் மனிதக் குருதிக்கு எவ்வாறு வந்தது? நியூயார்க் நகரில் 1937 ஆம் ஆண்டில் ஒரு தாய்க்குக் குழந்தை இறந்தே பிறந்தது. குருதி மிகுதியாக வெளியேறியமையால் கணவனின் குருதியை அவளுக்குச் செலுத்தினர். இருவரும் ஓ வகையினரே. எனினும் அக்குருதி அவள் உடலுக்கு ஒவ்வாது கடுந்துன்பம் விளைத்தது. பிலிப் லெவின், ரூபஸ் ஸ்டெட்சன் என்னும் இருவர் இதனை ஆராய்ந்தனர். அவள் குருதியின் தெளிநீரை ஒத்த வகையினர் பலரின் குருதியோடு கலந்து பார்த்தனர். பத்தில் எட்டுப் பேர் அளவில் அவர்தம் சிவப்பணுக்கள் திரண்டு கட்டியாயின. தந்தையிடமிருந்து குழந்தை பெற்றதும் தாயிடம் இல்லாததுமான ஏதோ ஒரு பொருள் அவள் உடலைப் பகைக்கச் செய்திருத்தல் வேண்டும் என்று அவர்கள் 1939 ஆம் ஆண்டில் எழுதினர். ஆனால் அப்பொருளுக்குப் பெயரிடாது விட்டனர்.

மறு ஆண்டில், அமெரிக்காவிற் குடியேறியிருந்த லாண்ட்ஸ்டைனரும் அலெக்சாண்டர் வீனரும் வேறொரு வழியிற் சென்றனர். செம்முகக் குரங்கின் குருதியை முயல்களின் உடலிற் செலுத்தி, அம்முயல்களின் குருதித் தெளிநீரை எடுத்து மனிதக் குருதியோடு கலந்தனர். நியூயார்க் நகர வெள்ளையருள் நூற்றுக்கு 85 பேரின் குருதி திரண்டது. 15 பேரின் குருதி திரளவில்லை. திரண்டவரிடம் உள்ள பொருளை ரீசஸ் காரணி என்றனர். இப்பொருளும் நியூயார்க்குத் தாயின் உடல் பகைத்த பொருளும் ஒன்றே என்று உலகம் கொண்டது. பல ஆண்டுகளுக்குப் பின்னரே, முயல் காட்டிய பொருள் வேறு, தாய் காட்டிய பொருள் வேறு என்பது தெளிவாயிற்று. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுதலால் மயக்கம் நேர்ந்தது. முயல் காட்டிய பொருளுக்கு அவ்விருவர் பெயரின் முதலெழுத்துகளால் எல்.டபிள்யூ. என்று பின்னாளிற் பெயர் சூட்டினர். கண்டவர் பெயரிடவில்லை; பெயரிட்டவர் கண்டது வேறு. ஆயினும் வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லைப் பெயர்த்தல் எளிதன்று. ஆதலின் குரங்கின் பெயர் இன்றும் நிலைத்துள்ளது. தாய்க்கும் சேய்க்கும் இடையே பகை மூட்டுவது ‘டி’ என்று குறிக்கப்படும் ஒரு புரதம். நாம் வழக்கில் ஆர்.எச். என்பது அதனையே.

தாயின் குருதியும் வயிற்றிலுள்ள சேயின் குருதியும் ஒன்றாக ஓடுகின்றன என்று பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. இரண்டையும் நச்சுக்கொடி என்னும் உறுப்பு மெல்லிய திரைபோல் நின்று பிரிக்கின்றது. உணவும் உயிர்வளியும் அத்திரையைக் கடந்து செல்லும். குருதியணுக்கள் பெரும்பாலும் செல்லா. ஆனால் மகப்பேற்றின்போது நச்சுக்கொடி பிரியுமிடத்தில் சேயின் குருதி சில துளிகள் தாயின் குருதியிற் புகுதல் உண்டு. தாய் டி இல்லாதவளாகவும் சேய் தந்தை வழியே டி பெற்றதாகவும் இருப்பின், அவள் உடல் அத்துளிகளை அயலாகக் கருதும். அவற்றை அழித்தற்கு எதிர்ப்பொருளை ஆக்கும். ஆக்குவதோடு நில்லாது, ஆக்கும் வழியை நெடுநாள் நினைவிலும் வைத்திருக்கும். முதற் குழந்தை அதற்கு முன்னரே பிறந்துவிடுதலால் பெரும்பாலும் தப்பிக்கொள்ளும். அடுத்த குழந்தையும் டி உடையதாயின் தீங்கு தொடங்கும். எதிர்ப்பொருள் நச்சுக்கொடியைக் கடந்து சென்று, சேயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சேய்க்குக் குருதிச் சோகை உண்டாகும். உடல் நீர்கோத்து வீங்கும். வயிற்றிலேயே இறத்தலும் உண்டு. உயிரோடு பிறந்தாலும், சிதைந்த அணுக்களினின்றும் தோன்றும் மஞ்சட் பொருள் பெருகிக் கடுங் காமாலை காணும். அது மூளையிற் படியுமாயின் செவிப்புலனையும் உறுப்புகளின் இயக்கத்தையும் கெடுத்துவிடும்.

முதற் பிள்ளை நலமாக இருக்க, பின்னர்ப் பிறந்தவை ஒன்றன்பின் ஒன்றாக மடிந்த இல்லங்கள் முன்னாளிற் பல. அவ்வில்லங்களில் பழி யார்மீது விழுந்தது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. கண்ணேறு என்றனர், பேய் என்றனர், அவள் ராசி என்றனர். மாமியும் நாத்தியும் சொன்ன சொல்லைக் கேட்டுக்கொண்டு அப்பெண் வாய் திறவாதிருந்தாள். அவள் குருதியில் நோய் இல்லை. கணவன் குருதியிலும் நோய் இல்லை. இரண்டும் தனித்தனியே குற்றமற்றவை; ஒரு கருவறையில் எதிர்ப்பட்டபோதே தீங்கு விளைந்தது. இதனை உலகம் அறிந்துகொண்டது 1941 ஆம் ஆண்டின் பின்னரேயாகும்.

இத்துணைத் தீங்குக்கு இடமாகும் இப்பொருள் உடலில் என்ன பணி செய்கின்றது? டி புரதம் சிவப்பணுவின் மேலுறையை ஊடும் பாவும் போலப் பன்னிரு முறை ஊடுருவி நிற்கின்றது. அதன் உடன்பிறப்பாகச் ‘சிஇ’ என்னும் மற்றொரு புரதம் உண்டு. இவ்விரண்டோடும் சேர்ந்து நிற்பது ஆர்.எச்.ஏ.ஜி. என்னும் மூன்றாவது புரதம். 1997 ஆம் ஆண்டளவில் ஆய்வாளர் ஒரு வியப்பைக் கண்டனர். நொதிக்கும் ஈஸ்டு, பாக்டீரியா ஆகிய நுண்ணுயிர்கள் அம்மோனியாவை உட்கொள்ளப் பயன்படுத்தும் வாயிற் புரதங்களும் இம்மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை எனத் தெரிந்தது. அவ்வாயில் இல்லாத ஈஸ்டுக்கு மனிதனின் ஆர்.எச்.ஏ.ஜி. புரதத்தை ஆக்கும் மரபணுவைக் கொடுத்தபோது, அஃது அம்மோனியாவைக் கடத்தும் ஆற்றலை மீண்டும் பெற்றது. இது 2000 ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

அம்மோனியா உடலிற் சேர்ந்தால் நஞ்சு. கண்மாயில் நீந்தும் மீன் அதனைச் செவுள் வழியே நீரில் விட்டுவிடுகின்றது. அச்செவுளில் வாயில் காப்பது இக்குடும்பப் புரதமே. நம் சிறுநீரகத்திலும் இக்குடும்பத்தின் வேறு இரு உறுப்பினர் அமர்ந்து, அம்மோனியாவைச் சிறுநீரிற் செலுத்தி, உடலிற் புளிப்பு மிகாமற் காக்கின்றன. கரியமில வாயுவைக் கடத்துவதிலும் இவற்றுக்குப் பங்குண்டு என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். டி புரதம் தானே எதனையேனும் கடத்துகின்றதா என்பது இன்னும் உறுதிப்படவில்லை. ஆயினும் இக்கூட்டம் முழுவதும் சிவப்பணுவின் உறையைத் தாங்கும் தூண் என்பதில் ஐயமில்லை. ஆர்.எச். புரதங்களுள் ஒன்றுமே இல்லாத குருதி 1961 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண் ஒருத்தியிடம் காணப்பட்டது. உலகில் இதுகாறும் மிகச் சிலரிடமே கண்டறியப்பட்ட வகை அது. அத்தகையோரின் சிவப்பணுக்கள் நடுவில் வாய் பிளந்தாற்போலத் தோன்றும், விரைவில் உடையும், அவர்களுக்குச் சிறிதளவு சோகையும் இருக்கும்.

நெகட்டிவ் எனப்படுவோர் அத்தகையோர் அல்லர். அவர்களிடம் டி ஒன்றே இல்லை. சிஇ உண்டு, துணைப் புரதமும் உண்டு. ஆதலின் அவர்கள் அணுக்கள் செம்மையாகவே தொழில் புரிகின்றன. இதன் காரணம் பழைய வரலாற்றில் உள்ளது. செம்முகக் குரங்கு முதலான குரங்குகளிடம் இக்குருதிப் புரதத்துக்கு உரிய மரபணு ஒன்றே உண்டு. மனிதன், சிம்பன்சி, கொரில்லா ஆகியோரின் பொது மூதாதையிடம் அஃது இரட்டித்தது. ஒரே சுவடியை ஏடெழுதுவோன் இருமுறை எழுதிவிட்டாற் போன்றது அது. பின்னர் இரு படிகளும் சிறுகச் சிறுக வேறுபட்டன. ஒன்று சிஇ ஆயிற்று, மற்றொன்று டி ஆயிற்று. மனித இனத்துள் சிலரிடம் டி என்னும் படி முழுவதும் உதிர்ந்துபோயிற்று. ஒரு படி இருத்தலால் மற்றொன்றின் இழப்பு அவர்களை வருத்தவில்லை. ஆப்பிரிக்கருள் சிலரிடம் அப்படி உதிராமல் இருந்தும், நடுவே பிழை புகுந்தமையால் பயனற்றதாயிற்று. ஓரிடத்து ஏடு தொலைந்தது. மற்றோரிடத்து ஏடு செல்லரித்தது எனலாம்.

டி இல்லாதோர் ஐரோப்பியருள் நூற்றுக்கு 15 பேர் அளவினர். ஸ்பெயின், பிரான்சு எல்லையில் வாழும் பாஸ்கு மக்களுள் 30 பேர் அளவினர். சீனரிலும் ஜப்பானியரிலும் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு. இந்தியருள் ஏறத்தாழ ஐவர். இவ்வைவரைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொருவரும் தாயிடம் ஒன்றும் தந்தையிடம் ஒன்றுமாக இரு மரபணுப் பெறுகின்றனர். இரண்டும் ‘இல்லை’ என்பதாக இருந்தால்தான் ஒருவர் நெகட்டிவ் ஆவர். நூற்றுக்கு ஐவர் அவ்வாறு ஆகவேண்டுமாயின், நூறு மரபணுக்களுள் ஏறத்தாழ 22 ‘இல்லை’ என்பதாகவும் 78 ‘உண்டு’ என்பதாகவும் இருத்தல் வேண்டும். அவ்வாறாயின் 1000 மாணவர் பயிலும் பள்ளியில் 50 பேர் நெகட்டிவ். 350 பேர் பாசிட்டிவாகவே இருந்தும் ‘இல்லை’ என்பதனை மறைவாகச் சுமப்பவர். எஞ்சிய 600 பேர் இரண்டும் ‘உண்டு’ உடையவர். பெற்றோர் இருவரும் பாசிட்டிவாக இருக்க, மகள் நெகட்டிவாகப் பிறத்தல் இதனால்தான். அதுகண்டு ஐயுறுவது அறியாமை.

இங்கு ஒரு புதிர் தோன்றுகின்றது. ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் ஆங்கில அறிஞர் அதனை 1942 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அவர் 1957 ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற் பணியாற்றி, இந்நாட்டுக் குடிமகனாகி, 1964 ஆம் ஆண்டில் புவனேசுவரத்தில் மறைந்தவர். அவர் வினா இது: இந்நோயால் மடியும் குழந்தை ஒவ்வொன்றும் தந்தையிடம் ‘உண்டு’ ஒன்றும் தாயிடம் ‘இல்லை’ ஒன்றும் பெற்றது. எனவே ஒவ்வொரு சாவிலும் இரண்டும் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. ஒரு பானையில் 78 குன்றிமணியும் 22 புளியங்கொட்டையும் இட்டு, முறைக்கு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தால், 22 முறையில் கொட்டை தீர்ந்துபோகும். மணி 56 எஞ்சும். அவ்வாறே சிறுபான்மையான ‘இல்லை’ என்பது காலப்போக்கில் அற்றுப்போதல் வேண்டும். அற்றுப்போகாதது ஏன்?

ஹால்டேன் தாமே ஒரு விடை கூறினார். ‘உண்டு’ மிகுந்த கூட்டமும் ‘இல்லை’ மிகுந்த கூட்டமும் ஐரோப்பாவில் அண்மைக் காலத்தில் கலந்திருத்தல் வேண்டும். தேய்ந்துபோகப் போதிய காலம் செல்லவில்லை என்பது அவர் கருத்து. வேறு சிலர் வேறொன்று கூறினர். பிள்ளையை இழந்த பெற்றோர் அதற்கு ஈடாக மேலும் பிள்ளை பெறுவர். அவற்றுள் தாயை ஒத்த நெகட்டிவ் பிள்ளைகளே மிகுதியும் பிழைக்கும். ஆதலின் இழந்த மரபணு அவ்வழியே மீளும் என்பது அவர்கள் கொள்கை. துயரத்தையும் கணக்கில் வைக்கும் இவ்விடை நெஞ்சை வருத்துவது, ஆயினும் ஒதுக்கத்தக்கதன்று. மூன்றாவது விடை பிராக் நகரத்து யாரோஸ்லவ் பிளேகர் குழுவினருடையது. பூனை வழியே பரவும் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி மனிதரிற் புகுந்தால் அவர்தம் விரைவுணர்வு சிறிது மழுங்குகின்றது என்றும், இருவகை மரபணுவும் ஒவ்வொன்று உடையோர் அம்மழுங்கலுக்கு ஆளாவதில்லை என்றும் அவர்கள் 2008 ஆம் ஆண்டளவில் எழுதினர். அஃது உண்மையாயின், இரண்டையும் உடையோர்க்கு நன்மை உண்டாகலின் இரண்டும் நிலைபெறும். ஆனால் இதனைத் துணிந்த முடிபாகக் கொள்வதற்குப் போதிய சான்று இன்னும் இல்லை. சிறு கூட்டமாக மக்கள் இடம்பெயர்ந்தபோது தற்செயலாக ‘இல்லை’ என்பது பெருகியிருத்தலும் கூடும். இந்நான்கனுள் ஒன்றே விடை என்று கொள்ளவேண்டும் என்பதுமில்லை.

புதிர் உள்ள இடத்தில் புனைவும் முளைக்கும். நெகட்டிவ் குருதியுடையோர் தனிக் குலத்தவர் என்றும், வேற்று உலகத்திலிருந்து வந்தோர் வழியினர் என்றும் எழுதுவோர் உளர். ஏடு ஒன்று தொலைந்த வீட்டாரை வானத்திலிருந்து வந்தவர் என்பதை எவ்வாறு ஏற்பது? தந்தை பாசிட்டிவும் தாய் நெகட்டிவுமாக உள்ள குடும்பத்திலேயே உடன்பிறந்தார் இருவர் இருவகையினராக இருத்தல் கூடுமன்றோ!

தீர்வு பிறந்த வழி இப்பகுதியுள் மிக அழகியது. தாய் ஓ வகையாகவும் சேய் ஏ வகையாகவும் இருப்பின், ஆர்.எச். பகை அரிதாகவே தோன்றுகின்றது என்பதனை லெவின் 1943 ஆம் ஆண்டிலேயே கண்டார். தாயிடம் இயல்பாக உள்ள ஏ எதிர்ப்பொருள், கசிந்து வந்த சேயின் அணுக்களை உடனே அழித்துவிடுகின்றது. டி என்னும் அயலானைத் தாயுடல் காண்பதற்குள் அவன் மறைந்துவிடுகின்றான். இயற்கை தானே காட்டிய இவ்வழியை இங்கிலாந்தில் லிவர்ப்பூல் மருத்துவர் சிரில் கிளார்க்கும் அவர் குழுவினரான ரொனால்டு பின் முதலியோரும் பின்பற்றினர். கிளார்க் வண்ணத்துப்பூச்சிகளை வளர்த்து அவற்றின் மரபு நெறியை ஆராய்ந்தவர். அவ்வாராய்ச்சியே அவரைக் குருதி வகைகளுக்கு இட்டுச் சென்றது. அதே காலத்தில் நியூயார்க்கில் பிரீடா, கார்மன், பொல்லாக் என்னும் மூவரும் அம்முடிவையே வேறு வழியில் அடைந்தனர். டி எதிர்ப்பொருளைச் சிறிதளவு ஊசி வழியே தாய்க்குச் செலுத்திவிட்டால், அவள் உடல் தானாக அதனை ஆக்கும் வேலையில் இறங்குவதில்லை. அம்மருந்து 1968 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பயனுக்கு வந்தது. முன்னர், டி உடைய பிள்ளையைப் பெறும் நெகட்டிவ் தாய்மார் நூற்றுவருள் 16 பேர் அளவில் எதிர்ப்பொருள் ஆக்கினர். கருவுற்ற காலத்தும் மகப்பேற்றின் பின்னும் ஊசி இடப்பெற்ற தாய்மாருள் ஆயிரத்துக்கு ஓரிருவரே ஆக்குகின்றனர்.

அம்மருந்தின் மூலப்பொருள் நெடுங்காலம் மனிதக் குருதியினின்றே கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பார் குருதியில் இவ்வெதிர்ப்பொருள் மிகுதியாக இருந்தது. அவர் 1954 முதல் 2018 வரை 1173 முறை குருதிக் கொடை அளித்தார். அதனாற் காக்கப்பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 24 இலட்சம் என்பர். அவர் 2025 ஆம் ஆண்டில் மறைந்தார். இன்று வளர்ப்பு உயிரணுக்களினின்றும் ஆக்கப்படும் மருந்தும் இந்தியாவில் வழங்குகின்றது.

இம்மருந்து பகை தோன்றாமற் காக்குமேயன்றித் தோன்றிய பகையை மாற்றாது. எதிர்ப்பொருள் முன்னரே ஆகிவிட்ட தாய்க்கு இவ்வூசியாற் பயனில்லை. அவள் வயிற்றிலுள்ள சேய்க்குக் கருவிலேயே குருதி ஏற்றும் அரிய மருத்துவத்தை நாடவேண்டும். ஆதலின் கருச்சிதைவு நேர்ந்த பெண்ணுக்கும் ஊசி வேண்டும் என்பதை மறத்தலாகாது. வெளியிற் சொல்ல நாணி வீட்டிலேயே இருந்துவிடுவோர் இழப்பது அடுத்த பிள்ளையையே. திருவில்லிபுத்தூரிலாயினும் இராஜபாளையத்திலாயினும் மலையடிச் சிற்றூரிலாயினும் முறை ஒன்றே. முதல் வருகையில் தாயின் குருதி வகை அட்டையில் ஏறவேண்டும். நெகட்டிவாயின் கணவனின் வகையையும் பார்க்கவேண்டும். தாயிடம் எதிர்ப்பொருள் உளதா என்றும் ஆராயவேண்டும். இல்லையெனில் 28 ஆம் வாரத்தில் ஓர் ஊசி இடுவர். குழந்தை பிறந்தவுடன் கொப்பூழ்க்கொடியினின்றும் குருதி எடுத்து வகை பார்ப்பர். குழந்தை பாசிட்டிவாயின், மற்றோர் ஊசி 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு இடப்பட வேண்டும்.